பாலைவனத்தில் யாரிடம் அனுமதி கேட்பது?

கலிஃபோர்னியா மாநிலத்தின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்றொரு ஒருவழிச் சாலை உண்டு. அதன் சரிவுகளில் மண் பச்சையாகவும் ஊதாவாகவும் ரோஜா நிறமாகவும் அடுக்கடுக்காகத் தெரியும். பழைய எரிமலைப் படிவுகளில் இருந்த உலோகங்கள் காலப்போக்கில் நிறம் மாறியதன் விளைவு அது. இந்தச் சாலையில் 25 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரணம் ஆன்மிகம் ஒன்றும் அல்ல, வளைவுகளும் மேடுபள்ளங்களும் அப்படி. ஆனால் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை என்று வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வந்திருக்கும் ஆர்.வி. பயணிக்கு அந்த விதி ஒரு பழைய கேள்வியை நினைவூட்டுகிறது. பாலைவனத்துக்குள் போக எதையெல்லாம் வெளியே விட்டுவிட வேண்டும்?

மோசே மாமனாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாலைநிலத்தின் கோடிக்குப் போனபோதுதான் எரியும் முட்செடியைக் கண்டார் என்கிறது விவிலியம். எலியா உயிருக்கு அஞ்சி ஓடியதும் பாலைவனத்துக்கே. இயேசு 40 நாள் அங்கே நோன்பிருந்தார். நபிகள் நாயகத்துக்கு முதல் இறைச்செய்தி வந்தது மக்காவுக்கு வெளியே, வறண்ட மலையொன்றின் ஹிரா குகையில். நம் பக்கத்துத் துறவிகள் காட்டுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தவர்களுக்குப் போக்கிடம் பாலை.

ஏன் பாலை? யூத மறைநூல் விளக்கமான மெக்கில்தா ஒரு காரணம் சொல்கிறது. தோரா ஏதாவது ஒரு நாட்டில் அருளப்பட்டிருந்தால் அந்நாட்டார் தங்களுடையது என்று உரிமை கொண்டாடியிருப்பார்கள். பாலைவனம் யாருக்கும் சொந்தமில்லாத வெளி. ஆகவே அங்கே அருளப்பட்டதை யார் வேண்டுமானாலும் வந்து ஏற்றுக்கொள்ளலாம். அழகான வாதம்தான், பெருந்தன்மையான வாதமும்கூட. ஆனால் அது நிற்கும் அடித்தளத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாலைவனம் உண்மையிலேயே ஆளில்லாத, உரிமையாளர் இல்லாத இடமா? டெத் வேலியில் ஒரு நாள் சுற்றுகிறவருக்கு இதற்கான பதில் காலடியிலேயே கிடக்கிறது. குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஏறத்தாழ 34 லட்சம் ஏக்கர் பரப்பு. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் ஆகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான். 1933-இல் தேசிய நினைவிடமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் அடியில் ஓராண்டு மழை சராசரியாக 5 செ.மீ. அளவுதான். 1913 ஜூலை 10-ஆம் தேதி ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகின் அதிகபட்ச காற்று வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு. 1972 ஜூலையில் அதே ஊரில் தரையின் சூடு 93 டிகிரியைத் தாண்டியது. 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வெயிலில் இறந்தபோது, அவருடன் வந்து வெயிலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரை ஏற்றிச்செல்ல ஹெலிகாப்டரால் வர முடியவில்லை. அவ்வளவு சூட்டில் காற்று மெலிந்து, இறக்கைகளுக்குப் பிடிமானம் கிடைக்காது.

அதனால் விவரம் தெரிந்த ஆர்.வி.காரர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வந்து போய்விடுகிறார்கள். அவர்களில் பலர் தங்குவது ஃபர்னஸ் கிரீக்கை ஒட்டிய முகாம் மைதானங்களில், கடல்மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே. சன்செட் என்ற மைதானம் பார்வைக்குப் பெரிய வண்டி நிறுத்தம் மாதிரிதான் இருக்கும்: சரளைக்கல் தரை, வரிசை வரிசையாக வெள்ளை வண்டிகள். ஜெனரேட்டர் ஓட்ட அனுமதிக்கப்பட்ட நேரம் தொடங்கியதும் மைதானத்தின் ஏதோ ஒரு மூலையில் உறுமல் ஆரம்பிக்கும். தனிமையைத் தேடி வந்தவர்கள் பத்தடி இடைவெளியில் ஒருவருக்கொருவர் குட் மார்னிங் சொல்லிக்கொள்வார்கள்.

இதைக் கண்டு சிரிப்பது சுலபம். எட்வர்ட் ஆப்பி சிரிக்கவில்லை, கோபப்பட்டார். 1950-களில் யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸில் ரேஞ்சராக வேலை பார்த்த அவர், 1968-இல் வெளியான 'டெஸர்ட் சாலிட்டேர்' நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் கார்களை விடவே கூடாது, நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோ வரட்டும் என்று வாதாடினார். இப்படிப் பேசியவர் அங்கே குடியிருந்தது எதில்? அரசாங்கம் கொடுத்த டிரெய்லர் வீட்டில். ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. இரவில் எழுத உட்கார்ந்து ஜெனரேட்டரை ஓட்டினால் வெளியே இருந்த பாலைவனம் முழுவதும் காணாமல் போய், தான் ஒரு சிறு வெளிச்சப் பெட்டிக்குள் அடைபட்டுவிடுவதை அவரே எழுதியிருக்கிறார். பெட்டியை இழுத்துவந்தது பிழையா, அதற்குள் விளக்கைப் போட்டுக்கொண்டது பிழையா என்று யோசித்தால், இரண்டாவதுதான் என்று படுகிறது.

ஏனென்றால் இந்த வண்டிகள் ஒன்றைக் கற்றுக்கொடுக்கின்றன. உள்ளே சுவரில் ஒரு சிறு பலகை இருக்கும். நல்ல தண்ணீர் எவ்வளவு மிச்சம், கழிவுநீர்த் தொட்டிகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன, பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் என்று அது காட்டும். ஊரில் குழாயைத் திறப்பவருக்குத் தான் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கொட்டுகிறோம் என்று தெரியாது. இங்கே பாத்திரம் தேய்த்ததும் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் கழிவுத் தொட்டியோடு குழாயை மாட்டி, தான் கழித்ததைத் தானே வெளியேற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தேவை என்பது எண்ணாக மாறிவிடுகிறது. துறவின் முதல் பாடம் தேவையை ஒழிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முந்தைய பாடம் ஒன்று இருக்கிறது: தேவையை அளந்து தெரிந்துகொள்வது.

எகிப்தின் பாலைவனத் துறவிகள் அதில் கைதேர்ந்தவர்கள். 4-ஆம் நூற்றாண்டில் நைட்ரியா, கெல்லியா, இன்று வாடி நத்ரூன் எனப்படும் ஸ்கீட்டிஸ் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள். காய்ந்த ரொட்டி, உப்பு, தண்ணீர் என்று அளந்து சாப்பிட்டார்கள். பனை, ஈச்ச ஓலைகளை ஊறவைத்துப் பாய் முடைந்தார்கள், கூடை பின்னினார்கள், அவற்றை விற்று ரொட்டி வாங்கினார்கள். அறுவடைக் காலத்தில் நைல் கரை வயல்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு. உலகத்தைத் துறந்தவர்களுக்கும் கூடைக்கு என்ன விலை போகிறது என்பது தெரிந்தே இருந்தது. ஊரிலிருந்து விருந்தாளி வந்துவிட்டால் நோன்பை முறித்துக்கொண்டு கூட உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆளரவமற்ற வெளியில் தன்னந்தனியாக நிற்கும் முனிவர் என்ற படம் பிற்காலத்து ஓவியர்கள் போட்டது. உண்மை நிலவரம் இதைவிடக் கலகலப்பானது.

அவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று கருதப்படும் அந்தோணியாரின் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. பிரசங்கங்களில் அதை அதிகம் கேட்க முடியாது. அவருடைய வரலாற்றை எழுதியவர் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார். கல்லறையிலும் பாழடைந்த கோட்டையிலும் ஆண்டுக்கணக்கில் தனித்திருந்த பிறகு, கூட்டம் தாங்காமல் அந்தோணியார் உள்பாலைவனத்துக்குப் போக விரும்புகிறார். வழி தெரியாது. அந்தப் பக்கம் பயணம் போகும் சரசேனியர், அதாவது பாலைவன நாடோடிகள், வருகிறார்கள். அவர்களிடம் போய், உங்களோடு நானும் வரலாமா என்று கேட்கிறார். அவர்கள் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்று பகலும் மூன்று இரவும் நடந்தபின் செங்கடல் பக்கத்தில் ஒரு மலை, அடிவாரத்தில் ஊற்று, சில பேரீச்ச மரங்கள். அங்கேயே தங்குகிறார். பிறகு அதே நாடோடிகள் வேண்டுமென்றே அந்த வழியாக வந்து அவருக்கு ரொட்டி கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆக, கிறித்தவத் துறவறத்தின் தந்தை பாலைவனத்துக்குள் போனது அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் வழிகாட்டி, அவர்கள் கையால் சாப்பிட்டு. மூன்று நாள் கூட நடந்த அந்த மனிதர்களுக்கு அந்த நூலில் பெயர் இல்லை.

டெத் வேலிக்குத் திரும்புவோம். குளிர்காலத்தில் நடப்பதற்கு ஏற்ற இடங்களில் ஒன்று கோல்டன் கேன்யன். காலை வெயில் ஏறுமுன் தொடங்கினால் ரெட் கதீட்ரல் என்ற செம்பாறைச் சுவர் வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 5 கி.மீ. இருபுறமும் மஞ்சள் மண்பாறை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏரியடியில் படிந்த சேறு, பூமி அசைந்ததில் சாய்ந்து நிற்கிறது. நடுவில் இடுங்கிய பாதை. உச்சியை நெருங்கும்போது செம்பாறையில் கையை ஊன்றி ஏற வேண்டிவரும். சில இடங்களில் தரையோடு தரையாகத் தார்ச்சாலையின் துண்டுகள் தென்படும். ஒருகாலத்தில் இதற்குள் கார்கள் போய்க்கொண்டிருந்தன. 1976 பிப்ரவரியில் ஓராண்டு மழை நான்கே நாளில் கொட்டித் தீர்த்தது. வெள்ளம் சாலையை அரித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. ஆப்பி வாதாடிக் கேட்டதை இந்த ஒரு பள்ளத்தில் மழை முடித்துவைத்துவிட்டது.

நடப்பவருக்குத் தன் காலடிச் சத்தமும் மூச்சும்தான் துணை என்று முதலில் தோன்றும். அரை மணி நேரம் போனதும் காது பழகிவிடும். அண்டங்காக்கை ஒன்று சுவரை ஒட்டிச் சத்தமாகப் பறக்கிறது. மணலில் பல்லியின் வால் இழுத்த கோடு. யாருமே இல்லை என்ற எண்ணம் காதும் கண்ணும் பழகாதவர்களுக்கு வருவது.

பதினொரு மணிக்கு இன்னொரு சிக்கல் ஆரம்பிக்கிறது. அடுத்தது என்ன? கையிலிருக்கும் பட்டியலில் ஸப்ரிஸ்கி பாயிண்ட், பேட்வாட்டர், டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ், மணல்மேடுகள், டான்டேஸ் வியூ எல்லாம் மிச்சமிருக்கின்றன. ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்புக்குப் பாலைவனத் துறவிகள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கெல்லியாவில் வாழ்ந்து 399-இல் மறைந்த எவாக்ரியுஸ் அதை நண்பகல் பேய் என்று வருணித்தார். உச்சிவேளையில் துறவிக்குச் சூரியன் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஜன்னலை எட்டிப் பார்ப்பார். இந்த அறை பிடிக்கவில்லை, இந்த இடமே சரியில்லை, வேறு எங்காவது போனால் நிம்மதி கிடைக்கும் என்று மனம் அரிக்கும். இதற்கு அவர்கள் சொன்ன மருந்து ஒன்றே: அறையை விட்டு அசையாதே. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்து விதிகளில், ஓரிடத்தில் மூன்று நாள், இன்னோரிடத்தில் நான்கு நாள் என்று சுற்றித் திரியும் துறவிகளை மிக மோசமான வகையினர் என்று கண்டித்தார். ஆர்.வி. பயணத்திட்டம் ஒன்றை அவரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆனால் அசைவதே குற்றம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. எல்லோரும் பொழுதுபோக்குக்காக அலைவதில்லை. 2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டை இழந்து, வேனிலும் பழைய ஆர்.வி.யிலும் குடியேறி, பருவகால வேலைகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலும், அதையொட்டி வந்து ஆஸ்கர் வென்ற படமும் அந்த வாழ்க்கையைக் காட்டின. அரிஸோனாவின் குவார்ட்ஸ்சைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய வண்டிகளால் நகரமாகிவிடுகிறது. அவர்களிடம் போய்ப் பற்றற்றிருத்தல் பற்றி உபதேசம் செய்வது அபத்தம். அவர்கள் விட்டுவிட்டு வரவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

இந்தப் பள்ளத்தாக்கிலேயே, ஆர்.வி. என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்து, பருவம் பார்த்து இடம் மாறியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வருவதற்கு முன் பேட்வாட்டரில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த புள்ளி அது. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. பின்னால் நிற்கும் செங்குத்துப் பாறையில் வெகு உயரத்தில் கடல்மட்டம் என்று ஒரு சிறு பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். எதிரே 3,368 மீட்டர் உயரத்தில் டெலஸ்கோப் சிகரம், குளிர்காலத்தில் பனி மூடியிருக்கும். காலடியில் உப்பு. ஓரத்திலுள்ள சிறு குட்டைத் தண்ணீர் விஷமல்ல, உப்புக்கரிப்பு, அவ்வளவுதான். அதில் கடுகளவு நத்தைகள் வாழ்கின்றன. கவனமில்லாமல் வைக்கும் பாதம் அவற்றை நசுக்கிவிடும் என்பதால் அருகில் போகாதபடி மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஹிலரி புயலின் மிச்சம் இங்கே வந்தபோது ஒரே நாளில் ஓராண்டு மழை பெய்தது. உப்புத்தரை ஏரியானது. 2024 பிப்ரவரியில் இன்னொரு மழை அதை நிரப்பியதும், உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்றுக்கு மக்கள் படகோடு வந்தார்கள். 2005-இலும் 2016-இலும் மழை வாய்த்த பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த விதைகள் முளைத்துப் பள்ளத்தாக்கு மஞ்சள் பூத்தது. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து அடையும் கோலமாகக் காட்டிய சிலப்பதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பாலை என்பது ஒரு நிலை, அது மாறும்.

பிறகு ஏன் இந்த இடத்துக்கு மரணத்தின் பெயர்?

1849-இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய கூட்டம் ஒன்று குறுக்குவழி என்று நம்பி இதற்குள் வந்து மாட்டிக்கொண்டது. மாட்டைக் கொன்று தின்று, வண்டியை எரித்து இறைச்சியை வாட்டி, வாரக்கணக்கில் தவித்தார்கள். வில்லியம் லூயிஸ் மேன்லியும் ஜான் ரோஜர்ஸும் நூற்றுக்கணக்கான மைல் நடந்துபோய் உணவோடு திரும்பி வந்து, குழந்தைகளோடு காத்திருந்த குடும்பங்களை மீட்டார்கள். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தப்பியோடியிருக்கக்கூடிய இரண்டு இளைஞர்கள் திரும்பி வந்தார்கள் என்பது அந்தக் கதையின் ஆகச் சிறந்த பகுதி. பள்ளத்தாக்குக்குள் அந்தக் கூட்டத்தில் இறந்தவர் ஒருவர்தான். ஆனால் வெளியேறும்போது அவர்கள் விட்டுவிட்டுப் போன பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப்பின் வரைபடத்தில் நரகம் குடியேறியது. ஃப்யூனரல் மலைகள், ஹெல்ஸ் கேட், டெவில்ஸ் கார்ன்ஃபீல்ட், காஃபின் சிகரம். இதில் எல்லாமே பயத்தில் வைத்த பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. 1880-களில் இங்கே வெண்காரம் தோண்டி எடுத்தார்கள். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டிகளில் 165 மைல் தள்ளியிருந்த ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு சுரங்க வருமானம் வேறு பக்கம் போனதும் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனம் 1927-இல் ஃபர்னஸ் கிரீக்கில் ஒரு விடுதியைத் திறந்தது. விருந்தினர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு மலையுச்சி வேண்டியிருந்தது. 1,669 மீட்டர் உயரத்திலிருந்து உப்புப் பள்ளத்தைப் பார்க்கும் அந்த இடத்துக்கு, நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவி டான்டேயின் பெயரைச் சூட்டினார்கள். நரகத்தின் வாசலை டிக்கெட் போட்டுக் காட்டும் ஏற்பாடு. டான்டேஸ் வியூவுக்கு ஏறும் சாலையின் மேல்பகுதியிலும் 25 அடி விதி உண்டு என்பதால் ஆர்.வி.காரர் அங்கேயும் வீட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மாலையில் அங்கே நிற்பது அருமையான அனுபவம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்தப் பெயரில்தான்.

ஏனென்றால் கீழே, ஃபர்னஸ் கிரீக்கில், கோல்ஃப் மைதானத்துக்கும் முகாம்களுக்கும் அருகிலேயே திம்பிஷா ஷொஷோனி மக்களின் கிராமம் இருக்கிறது. குளிர்காலத்தைப் பள்ளத்தாக்கின் அடியிலும் கோடையைப் பனமின்ட் மலையின் குளிர்ந்த மேட்டிலுமாகக் கழித்தவர்கள் அவர்கள். கீழே மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கினார்கள். தமிழ்நாட்டில் சீமைக்கருவேலம் என்று எல்லோரும் திட்டும் மரத்தின் நெருங்கிய சொந்தம் இந்த மெஸ்கீட்; பிறந்த மண்ணில் அது உணவு. இலையுதிர் காலத்தில் மலையில் பின்யன் பைன் கொட்டைகள். வெயிலுக்கு மேலே, குளிருக்குக் கீழே என்ற அந்தக் கணக்கைத்தான் இன்று ஆர்.வி. பயணிகள் பெட்ரோல் செலவழித்துப் பின்பற்றுகிறார்கள். திம்பிஷா மக்களுக்கு இந்த இடம் மரணத்தின் பள்ளத்தாக்கு அல்ல. முகத்திலும் உடலிலும் பூசும், புனிதமெனக் கருதும் செங்காவி மண் கிடைக்கும் தாய்நிலம். டெத் வேலி என்ற பெயரையே அவர்கள் ஏற்கவில்லை. தாங்கள் வாழும் ஊரைச் செத்த ஊர் என்று பிறர் சொன்னால் யார்தான் ஏற்பார்கள்?

1933-இல் நினைவிடம் அறிவிக்கப்பட்டபோது அவர்களைக் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் 40 ஏக்கரில் களிமண் செங்கல் வீடுகள் கட்டி அங்கே குடியமர்த்தினார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து, கோடையில் மலைக்குப் போனவர்களின் ஆளில்லாத வீடுகளைப் பூங்கா நிர்வாகம் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தது. பருவம் பார்த்து இடம் மாறும் வழக்கமே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. வீட்டில் ஆள் இல்லையா, அப்படியானால் வீடு யாருக்கும் சொந்தமில்லை. மெக்கில்தாவின் பெருந்தன்மையான வாதத்தில் வரும் அதே உரிமையாளரற்ற பாலை, ஓர் அரசு அலுவலகத்தின் கைக்கு வந்தபோது இப்படி ஆனது. 1983-இல் அவர்களை ஒரு பழங்குடியாகக் கூட்டரசு அங்கீகரித்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாயிரத்துச் சொச்சம் ஏக்கரை அவர்களுக்குத் திருப்பித் தந்தது. அதில் ஃபர்னஸ் கிரீக்கில் உள்ளது 314 ஏக்கர்.

பாலைவனத்தை வெற்றிடம் என்று பார்க்கும் வழக்கத்தைச் சமயங்களின் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. அதே மரபுகளுக்குள் வேறொரு பார்வையும் ஆழமாக இருக்கிறது. அந்தோணியார் சரசேனியரிடம் கேட்டுக்கொண்டு போனதைப் பார்த்தோம். இன்னொன்று, புகாரி தொகுத்த நபிமொழிகளில் வருவது. கைக்குழந்தை இஸ்மாயீலோடு வறண்ட பள்ளத்தாக்கில் விடப்பட்ட ஹாஜரா அம்மையார் தண்ணீர் தேடி ஓடுகிறார். ஸம்ஸம் ஊற்று கிளம்புகிறது. சில காலம் கழித்து ஜுர்ஹும் குலத்தார் அந்த வழியாக வருகிறார்கள். வானில் பறவை வட்டமிடுவதைக் கண்டு, இங்கே தண்ணீர் இல்லையே, இருந்தால் அல்லவா பறவை சுற்றும் என்று ஆளனுப்பிப் பார்க்கிறார்கள். ஊற்றின் அருகே தனியாக ஒரு பெண். ஒரு குலமே சேர்ந்து வந்தவர்களுக்கு அவரை ஒதுக்கிவிட்டு இறங்குவது பெரிய காரியமல்ல. அவர்கள் கேட்கிறார்கள்: நாங்கள் இங்கே தங்கலாமா? தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்கிறார் அவர். ஒப்புக்கொள்கிறார்கள். மக்கா என்ற நகரம் அந்தச் சம்மதத்தின் மேல்தான் எழுந்தது என்பது அந்த மரபின் நம்பிக்கை.

எனவே முதலில் எழுந்த கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். எதை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது என்பது போகிறவரைப் பற்றிய கேள்வி மட்டுமே. அதில் அந்த இடத்துக்கும் அங்கே வாழ்பவர்களுக்கும் பங்கில்லை. 30 அடி வண்டியில் வந்தவரும் தோளில் ஒரே பையோடு வந்தவரும் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இருவருமே தங்கள் மனத்தைத்தான் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். யாருடைய வீட்டுக்குள் நுழைகிறோம் என்று கேட்பவருக்கு வண்டியின் நீளம் ஒரு தடையல்ல.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு சிறு இடம் வைத்திருக்கிறார்கள். டெத் வேலியைத் தேசியப் பூங்காவாக்கிய 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழங்குடியினர் தங்கள் சடங்குகளையும் மரபுப் பணிகளையும் தனிமையில் செய்துகொள்ள வேண்டினால் பூங்காவின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்குத் தற்காலிகமாக மூடலாம். டெத் வேலிக்குப் போக நேர்கிற வாசகர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். கோடையாக இருந்தால் காலை பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கில் நடக்காதீர்கள். திம்பிஷா கிராமம் மக்கள் குடியிருக்கும் தெரு, காட்சிப்பொருள் அல்ல. படமெடுக்க வண்டியை உள்ளே விடாதீர்கள். ஏதாவது ஒரு பாதையில் இந்தச் சட்டப்படி மூடப்பட்டிருக்கிறது என்ற பலகையைப் பார்த்தால், பட்டியலில் ஒன்று குறைந்துவிட்டதே என்று வருந்தாமல் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.